மாற்றுச் சமூகத் தளங்களில் குழு கட்டுவது எப்படி: சென்னை மாடித்தோட்டக்காரர்களை வைத்து ஒரு வழிகாட்டி

லட்சம் பேர் இருக்கும் பெரிய மாடித்தோட்டக் குழு ஒன்றில், கத்தரிச் செடியில் மாவுப்பூச்சி அப்பிக் கிடக்கும் படத்தைப் போட்டு "என்ன செய்யலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வி யார் பக்கத்தில் தெரிய வேண்டும் என்பதைத் தளம்தான் முடிவு செய்கிறது. விவரம் தெரிந்தவர் கண்ணில் படுவதற்குள் பூச்சி செடியை முடித்துவிட்டிருக்கும். வாட்ஸப்பில் கேட்டால் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடும்.

இன்னொரு தொல்லை, தளமே ஒருநாள் காணாமல் போவது. ஆர்குட் 2014 செப்டம்பரில் மூடியது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில். பெங்களூரிலிருந்து வந்து, தமிழிலும் எழுத இடம் கொடுத்த கூ 2024 ஜூலையில் கடையைக் கட்டியது. அங்கே சேர்ந்திருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறிப் போனார்கள்.

ஃபேஸ்புக், வாட்ஸப் அல்லாத மாற்றுத் தளத்துக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. அங்கே வேலையின் வகை மாறும், அவ்வளவுதான். அல்காரிதம் ஆள் பிடித்துத் தராது. நீங்கள்தான் பிடிக்க வேண்டும். எடுத்துக்காட்டுக்குச் சென்னை மாடித்தோட்டக்காரர்களை வைத்துக்கொள்கிறேன். பறவை பார்ப்பவர்கள், பழைய புத்தகம் தேடுபவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் என்று உங்கள் கூட்டம் எதுவானாலும் வழி ஏறக்குறைய இதேதான்.

1. தளத்துக்கு முன் ஆட்கள்

ஒரு தாளை எடுத்து, குழு யாருக்காக என்று ஒரே வரியில் எழுதுங்கள். "இயற்கை ஆர்வலர்களுக்காக" என்று எழுதினால் வேலைக்கு ஆகாது. அதில் யார் வேண்டுமானாலும் சேரலாம், சேர்ந்த பிறகு என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியாது. "சென்னையிலும் புறநகரிலும் மொட்டைமாடியில் காய்கறி வளர்ப்பவர்களுக்கு, விதை மாற்றிக்கொள்ள, பூச்சி நோய்க்கு வழி கேட்க" என்றால் ஊரும் தெரிகிறது, வேலையும் தெரிகிறது. மாதவரத்தில் இருப்பவருக்கும் தாம்பரத்தில் இருப்பவருக்கும் சித்திரை வெயிலும் ஐப்பசி மழையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவர் அனுபவம் இன்னொருவருக்கு நேராகப் பயன்படும்.

அந்த வரிக்குக் கீழே பத்துப் பேரின் பெயரை எழுதுங்கள். உங்களுக்கு நிஜமாகத் தெரிந்த ஆட்கள்: அடுத்த தெரு அக்கா, நர்சரிக்காரர், ஆபீஸில் சாப்பாட்டு நேரம் முழுக்கக் கறிவேப்பிலைச் செடியைப் பற்றியே பேசுபவர். பத்துப் பேர் தேறவில்லையா? இப்போதைக்குக் குழு தொடங்க வேண்டாம். வேறு யாராவது நடத்தும் குழுவில் சில மாதம் பேசிப் பழகுங்கள், பெயர்கள் தானாகச் சேரும்.

பத்துப் பேரையும் தனித்தனியாகக் கூப்பிடுங்கள். லிங்கை ஃபார்வர்டு செய்துவிட்டு உட்காராதீர்கள். "அக்கா, உங்ககிட்ட அந்த நாட்டுச் சுரை விதை இருக்குல்ல, ஒரு படத்தோட போடுங்க, நாலு பேர் கேப்பாங்க" என்று சொன்னால் வருவார், வந்து பேசுவார். "எங்கள் குழுவில் இணைந்து ஆதரவு தாருங்கள்" என்றால் இணைவார். அதோடு சரி.

2. எந்தத் தளம்?

இரண்டு வகை இடம் தேவைப்படும். யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய திறந்த இடம் ஒன்று. சேர்ந்தவர்கள் மட்டும் பேசிக்கொள்ளும் உள்குழு ஒன்று. புதியவர்கள் முதலாவதன் வழியே உங்களைக் கண்டுபிடிப்பார்கள், இரண்டாவதில் தங்குவார்கள்.

திறந்த இடத்துக்கு என் முதல் பரிந்துரை மாஸ்டடான். 2016-இல் ஜெர்மனியில் யூஜென் ரோச்கோ தொடங்கியது. இதற்கு ஒரே முதலாளி கிடையாது. தனிநபர்களும் அமைப்புகளும் ஆயிரக்கணக்கான சர்வர்களைத் தனித்தனியாக நடத்துகிறார்கள். ஏதாவது ஒன்றில் கணக்குத் தொடங்கினால் மற்ற சர்வர்களில் இருப்பவர்களையும் பின்தொடரலாம், பதில் எழுதலாம். இந்த சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நெறிமுறைக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2018-இல் அதைப் பரிந்துரைத் தரமாக வெளியிட்டது. படங்களுக்கான பிக்சல்ஃபெட், வீடியோவுக்கான பியர்டியூப், ரெடிட் பாணியிலான லெம்மி மூன்றும் இதே நெறிமுறையில் ஓடுவதால், மாஸ்டடானில் இருந்தபடியே பிக்சல்ஃபெட்டில் ஒருவர் போடும் தோட்டப் படங்களைப் பின்தொடர முடியும். ஒரு பதிவுக்கு வழக்கமாக 500 எழுத்து வரை.

புளூஸ்கையும் நல்ல இடம்தான். ட்விட்டருக்குள் 2019-இல் ஒரு திட்டமாகத் தொடங்கி, தனி நிறுவனமாகப் பிரிந்து, 2024 பிப்ரவரியில் அழைப்பு இல்லாமலே எல்லோருக்கும் திறந்தது. ட்விட்டர் பழகியவர்களுக்கு அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். லெம்மி கேள்வி பதிலுக்கு நன்றாக இருக்கும். ஆனால் தமிழ்ப் பேச்சு அங்கே குறைவு.

உள்குழுவுக்கு டெலிகிராம் போதும். ஒரு குழுவில் 2 லட்சம் பேர் வரை இடம் உண்டு. உங்களுக்கு அவ்வளவு தேவையே இல்லை. போன் நம்பரை மற்றவர்களுக்குக் காட்டாமல் இருக்கலாம் என்பதுதான் முக்கியம். டிஸ்கார்டு கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சரி. ரிடையர் ஆன மாமாவை அங்கே கூட்டிப் போனால் எந்தச் சேனலில் என்ன பேசுவது என்று திணறிப்போவார். சிக்னல் செயலியை அட்மின்கள் தங்களுக்குள் பேச வைத்துக்கொள்ளலாம். சென்னையைச் சேர்ந்த ஜோஹோ 2021-இல் கொண்டுவந்த 'அரட்டை' என்ற செயலிக்கு 2025-இன் பிற்பகுதியில் பெருங்கூட்டம் வந்தது. உங்கள் பத்துப் பேரும் ஏற்கெனவே அதில் இருந்தால் அங்கேயே தொடங்குங்கள்.

மாஸ்டடான் ஒன்று, டெலிகிராம் ஒன்று. மூன்றாவதாக ஒரு தளம் திறக்க ஆசை வரும். வேண்டாம்.

2019 நவம்பரில் மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டபோது, கோபத்தில் இந்தியர்கள் நிறையப் பேர் மாஸ்டடானுக்கு வந்தார்கள். அந்த அலை நிலைக்கவில்லை. என் கணிப்பு: வந்தவர்கள் தனித்தனியாக வந்தார்கள், வந்த இடத்தில் தெரிந்த முகம் இல்லை, திரும்பிவிட்டார்கள். பத்துப் பேரின் பெயரை முதலில் எழுதச் சொன்னது இதனால்தான்.

3. சர்வர் தேர்வு

மாஸ்டடானில் சேரும் பலர் இந்த இடத்தில் குழம்பி நின்றுவிடுகிறார்கள். அவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. சர்வரின் அறிமுகப் பக்கத்தில் நான்கு விஷயம் பாருங்கள்: யார் நடத்துகிறார்கள், விதிகள் என்ன, எவ்வளவு காலமாக ஓடுகிறது, செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது. மாஸ்டடானின் அதிகாரப்பூர்வத் தளத்தில் பட்டியலிடப்படும் சர்வர்கள் ஓர் உடன்படிக்கையை ஏற்றவை. தினமும் பேக்கப் எடுக்க வேண்டும், அவசரத்துக்கு இன்னொருவரிடமும் சாவி இருக்க வேண்டும், இனவெறி பாலினவெறிப் பேச்சைக் கண்காணிக்க வேண்டும், மூடுவதென்றால் 3 மாதம் முன்பே சொல்ல வேண்டும். அந்தப் பட்டியலில் ஒன்றை எடுத்தால் போதும்.

பிடிக்கவில்லையென்றால் பின்னால் வேறு சர்வருக்கு மாறலாம். பின்தொடர்பவர்கள் கூடவே வந்துவிடுவார்கள். பழைய பதிவுகள் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிடும். அதனால் பெரிய குறிப்புகளை எழுதினால் உங்களிடம் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

"நாமே ஒரு தமிழ் சர்வர் வைத்தால் என்ன?" என்று முதல் வாரத்திலேயே ஒருவர் கேட்பார். இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காரணத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

4. கணக்கைத் தயார் செய்வது

குழுவுக்கு ஒரு பொதுக் கணக்கு, உங்களுக்கு ஒரு சொந்தக் கணக்கு. பொதுக் கணக்கிலிருந்து அறிவிப்பு, சொந்தக் கணக்கிலிருந்து பேச்சு. முகமில்லாத கணக்கோடு யாரும் மனம் விட்டுப் பேச மாட்டார்கள்.

செட்டிங்ஸில் இரண்டைக் கவனியுங்கள். பதிவின் மொழியைத் தமிழ் என்று வையுங்கள். மொழி பார்த்து வடிகட்டிப் படிப்பவர்களுக்கு அப்போதுதான் தெரியும். பொதுப் பதிவுகளைத் தேடலில் காட்டச் சம்மதம் கொடுங்கள். 2023-இல் வந்த 4.2 பதிப்பிலிருந்து, சம்மதம் கொடுத்தவர்களின் பதிவுகளைத்தான் சொல் வைத்துத் தேட முடியும்.

பிறகு ஒரு அறிமுகப் பதிவை எழுதி, எப்போதும் மேலேயே நிற்கும்படி பின் செய்யுங்கள். இப்படி இருக்கலாம்:

"வணக்கம். சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் மாடித்தோட்டம் போடுபவர்களுக்கான கணக்கு இது. ஞாயிறு காலை அறுவடைப் படங்கள், புதன் மாலை பூச்சி நோய்க் கேள்விகள். கேள்வியில் #மாடித்தோட்டம் சேர்த்துவிடுங்கள், தேடி வந்து பதில் சொல்கிறோம். விற்பனைப் பதிவுகள் வேண்டாம். கவனித்துக்கொள்பவர்கள் இருவர், பெயர்கள் சுயவிவரத்தில்."

"உங்கள் வருகைக்கு நன்றி, இணைந்து வளர்வோம்" போன்ற வரிகளை வெட்டிவிடலாம். எப்போது வரலாம், என்ன கேட்கலாம், யார் பொறுப்பு என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

5. முதல் சில வாரங்கள்

இதுதான் கஷ்டமான கட்டம். நிறையக் குழுக்கள் இங்கேதான் படுத்துவிடுகின்றன.

மாஸ்டடானில் நீங்கள் பின்தொடர்பவர்களின் பதிவுகள் நேர வரிசையில் வரும். "உங்களுக்குப் பிடிக்கலாம்" என்று யாரும் உங்கள் பதிவைத் தூக்கிக்கொண்டு போய் இன்னொருவர் முன் வைக்கப் போவதில்லை. ஆட்கள் உங்களை வந்தடைய ஹேஷ்டேக்தான் வழி. அதனால் ஒரே எழுத்துக்கூட்டை முடிவு செய்து எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். #மாடித்தோட்டம் என்று ஒருவர், #மாடிதோட்டம் என்று ஒருவர், #மொட்டைமாடிதோட்டம் என்று இன்னொருவர் போட்டால் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்கவே மாட்டார்கள். நடுவே இடைவெளி விட்டால் முதல் சொல் மட்டும்தான் டேக் ஆகும். மாஸ்டடானில் ஹேஷ்டேக்கையே பின்தொடரலாம் என்பதை உங்கள் பத்துப் பேருக்கும் செய்து காட்டுங்கள்.

அடுத்தது பதில். முதல் மாதத்தில் உங்கள் டேக்கில் வரும் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு மனிதப் பதில் போக வேண்டும். விருப்பக்குறி தட்டினால் மட்டும் போதாது. விடை தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். கேள்வி கேட்கவும் ஆட்களைப் பழக்க வேண்டியிருக்கும். "கத்தரியில் பூச்சி, ஹெல்ப்" என்றால் யாராலும் உதவ முடியாது. தொட்டியா குரோ பேக்கா, நாற்று நட்டு எத்தனை நாள், எத்தனை மணி நேரம் வெயில் படுகிறது, இதுவரை என்ன தெளித்தீர்கள், இலையின் அடிப்பக்கப் படம் ஒன்று. இந்த ஐந்தையும் ஒரு பதிவாக எழுதி வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது அதன் லிங்கைக் கொடுங்கள். "வேப்பெண்ணெய்க் கரைசல் அடிச்சேன்" என்பவரிடம் சோப்புக் கரைசல் கலந்தாரா, வெயிலில் அடித்தாரா சாயங்காலம் அடித்தாரா என்று கேட்டால், பாதிப் பிரச்சினை அங்கேயே அவிழ்ந்துவிடும். அந்த உரையாடலைப் படிக்கும் நாலாவது ஆள்தான் அடுத்த வாரம் உங்கள் குழுவில் சேருவார்.

படத்துக்கு விளக்கம் எழுதுவது அங்கே வழக்கம். பார்வையற்றவர்கள் திரை வாசிப்பான் வைத்துப் படிப்பார்கள். "செடி" என்று எழுதி முடிக்காமல், "கத்தரி இலையின் அடிப்பக்கம், நரம்போரமாக வெள்ளைப் பஞ்சு போல் பூச்சி, நுனி இலைகள் சுருண்டிருக்கின்றன" என்று எழுதுங்கள். எழுதும்போதே நீங்களும் செடியைச் சரியாகப் பார்த்துவிடுவீர்கள்.

வாரத்தில் இரண்டு நாளை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். மீதியைப் பருவம் பார்த்துக்கொள்ளும். ஆடியில் விதை பற்றி, ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் தேங்குவது பற்றி, மாசிக்குப் பிறகு நிழல்வலை பற்றி ஆட்கள் தாமாகவே பேசுவார்கள்.

6. டெலிகிராம் உள்குழு

அழைப்பு லிங்கை உருவாக்கும்போது அட்மின் ஒப்புதல் கேட்கும்படி வையுங்கள். திறந்த லிங்க் விட்டால் ஷேர் மார்க்கெட் டிப்ஸ் தருகிறேன் என்று வரும் போலிக் கணக்குகளை விரட்டுவதற்கே நேரம் போய்விடும். ஒப்புதல் கேட்பவரிடம் ஒரே கேள்வி: "எந்த ஏரியா, என்ன வளர்க்கிறீர்கள்?" பதில் சொல்பவரை உள்ளே விடுங்கள்.

புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் போன் நம்பரை மறைக்கும் செட்டிங்கைச் சொல்லிக்கொடுங்கள். டெலிகிராம் குழு உரையாடல்கள் முனைக்கு முனை மறையாக்கம் (பேசுபவர்கள் மட்டுமே படிக்கும்படி பூட்டுவது) செய்யப்படுபவை அல்ல என்பதையும் சொல்லிவிடுங்கள். வீட்டு முகவரி, ஊருக்குப் போகும் தேதி, "சாவி பக்கத்து வீட்டில் இருக்கு, தண்ணி ஊத்திடுங்க" போன்றவை அங்கே வேண்டாம்.

நல்ல பதில் ஒன்று உள்குழுவில் வந்தால், எழுதியவரின் அனுமதியோடு மாஸ்டடானில் போடுங்கள். உள்குழுவில் பேசியது வெளியே யார் தேடினாலும் கிடைக்காது.

7. விதிகளும் சண்டைகளும்

ஐந்து விதிக்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள். ஃபார்வர்டு கூடாது. சாதி, மதம், கட்சி பேசக் கூடாது. நாற்று, விதை விற்பனை மாதத்தில் ஒரு நாள் மட்டும். ஒருவர் படத்தை இன்னொருவர் கேட்காமல் எடுத்துப் போடக் கூடாது. குழுவில் கேட்டு ஒப்புதல் வாங்காமல் யாருக்கும் தனிச் செய்தி அனுப்பக் கூடாது.

கடைசி விதிதான் பெரிது. ஒரு பெண் செம்பருத்திப் படம் போட்ட பத்தாவது நிமிடம் "ஹாய் மேடம், சாப்டாச்சா?" என்று தனியாகச் செய்தி வரும். அவர் புகார் செய்ய மாட்டார், சத்தமில்லாமல் வெளியேறிவிடுவார். உங்கள் குழுவில் பெண்கள் குறைந்துகொண்டே போனால் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். ஆகவே குழுவைக் கவனித்துக்கொள்பவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும், புகாரை யாரிடம் சொல்லலாம் என்று பின் செய்த பதிவில் பெயரோடு போடுங்கள். முதல் தடவை தனியாக எச்சரிக்கை, இரண்டாவது தடவை வெளியேற்றம். தனிச் செய்தித் தொல்லைக்கு முதல் தடவையே வெளியேற்றினாலும் தப்பில்லை. என்ன நடந்தது, யார் முடிவெடுத்தார் என்று அட்மின்கள் குழுவில் இரண்டு வரி குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அதே ஆள் வேறு பெயரில் வரும்போது உதவும்.

மாஸ்டடானில் ஒரு பொறி இருக்கிறது. தனிச் செய்தியும் அங்கே ஒரு பதிவுதான். அதில் யாருடைய முழுப் பயனர்பெயரைக் குறிப்பிடுகிறீர்களோ அவருக்கும் அது போய்ச் சேரும். "இவர் தொல்லை தாங்கலை" என்று சக அட்மினுக்கு எழுதும்போது அவர் பயனர்பெயரைச் சேர்த்தால், அவரே உட்கார்ந்து படிப்பார். சர்வர் நடத்துபவரும் நினைத்தால் அதைப் பார்க்க முடியும். இந்த மாதிரிப் பேச்சுக்கு சிக்னலுக்குப் போய்விடுங்கள்.

உறுப்பினர் எதையாவது போட்டால் அட்மின் தலையில் விழுமா என்ற பயம் பலருக்கு உண்டு. ஒரு வாட்ஸப் குழு வழக்கில், வெறும் அட்மினாக இருந்ததைத் தவிர அவருக்கு வேறு பங்கு இல்லையென்றால் குற்றப்பத்திரிகையிலிருந்து பெயரை நீக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. அதற்காக, தப்பான பதிவைப் பார்த்தும் சும்மா இருக்கலாம் என்று அர்த்தமில்லை.

8. நேரில் ஒரு முறை

முகம் பார்த்த குழு சீக்கிரம் கலையாது. ஆடிப் பட்டத்துக்கு முன்னால், ஜூலைத் தொடக்கத்தில், ஒரு விதைப் பரிமாற்றம் வையுங்கள். லஸ் நாகேஸ்வர ராவ் பூங்கா, அண்ணா நகர் டவர் பூங்கா மாதிரி பஸ்ஸில் வந்து இறங்கக்கூடிய இடமாக இருக்கட்டும். அறிவிப்பில் எந்த வாசல், எந்த மரத்தடி, எத்தனை மணி வரை என்று எழுதுங்கள். காலையிலேயே முடித்துவிடுங்கள், வெயிலும் ஏறும், பூங்காவும் பூட்டக்கூடும். மைக், பேனர் வேண்டாம், அதற்கெல்லாம் அனுமதி கேட்க வேண்டிவரும். விதைப் பொட்டலத்தின் மேல் பெயர், எடுத்த மாதம், ஏரியா மூன்றையும் எழுதி வரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போனதும் அவரையா மொச்சையா என்று விழிக்க வேண்டியதுதான். குரூப் போட்டோ எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை சந்திப்பை எல்லாம் மறந்துவிடலாம். ஆனால் குழு அப்போது வேறு விதத்தில் வேலை செய்யும். 2015 டிசம்பர் வெள்ளத்தில், எங்கே படகு வேண்டும், எங்கே சாப்பாடு வேண்டும் என்று முன்பின் தெரியாதவர்கள் சமூகத் தளங்களில்தான் ஒருங்கிணைத்தார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பல பகுதிகளில் கரன்ட்டும் போய் செல்போன் சிக்னலும் போனது. அதனால் விருப்பமுள்ளவர்களின் நம்பரை ஏரியா வாரியாக எழுதி, ஏரியாவுக்கு ஒருவர் காகிதத்தில் வைத்துக்கொள்ளட்டும். புயல் எச்சரிக்கை வந்தால் அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தொட்டிகளைக் கைப்பிடிச் சுவரிலிருந்து இறக்கச் சொல்லிச் சுற்றிலும் போன் போடுவது.

9. சாவியும் வெளியேறும் வழியும்

இரு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். மீட்புக் குறியீடுகளை அச்செடுத்து இரண்டு பேர் வீட்டில் வையுங்கள். டெலிகிராம் குழுவின் உரிமையை இன்னொருவருக்கு மாற்ற முடியும். எப்படி என்று இரண்டாவது அட்மினுக்கு இப்போதே காட்டுங்கள். மாஸ்டடானிலிருந்து பின்தொடரும் பட்டியலை மாதம் ஒரு முறை கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். டெலிகிராம் டெஸ்க்டாப்பில் உரையாடலையும் இறக்கலாம். சம்மதித்தவர்களின் மின்னஞ்சல் முகவரிகளை மட்டும் தனியாக ஒரு பட்டியலாக வைத்திருந்தால், எந்தத் தளம் மூடினாலும் ஒரு கடிதத்தில் எல்லோரையும் அடுத்த இடத்துக்குக் கூப்பிட்டுவிடலாம்.

10. சொந்த சர்வர் எப்போது?

குழு இரண்டு பருவமாவது ஓடியிருக்க வேண்டும், இரவில் சர்வர் படுத்தால் எழுந்து பார்க்க இரண்டு பேர் இருக்க வேண்டும். அப்போது யோசிக்கலாம். மற்ற சர்வர்களிலிருந்து வரும் படங்களையும் மாஸ்டடான் தன்னிடம் ஒரு நகல் வைத்துக்கொள்வதால் டிஸ்க் வேகமாக நிரம்பும். பழையதை இத்தனை நாளில் அழி என்று முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, மற்றவர்கள் எழுத இடம் தரும் தளம் தன் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். அந்தப் பெயர் உங்களுடையதாக இருக்கச் சம்மதமா என்று வீட்டிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொழில்நுட்ப உதவிக்குச் சென்னையில் பஞ்சமில்லை. சென்னை லினக்ஸ் பயனர் குழுவான ஐலக்சி 1990களின் இறுதியிலிருந்தே இருக்கிறது. கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதிவரும் கணியம் அறக்கட்டளையினரும் இருக்கிறார்கள். கேள்வியோடு போனால் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். செலவுக்கு உறுப்பினர்களிடம் வசூல் செய்தால் வரவு செலவுக் கணக்கை மாதாமாதம் குழுவில் போட்டுவிடுங்கள். மீதி பத்து ரூபாயாக இருந்தாலும் சரி.